வண்டியின் இடது பக்கம்

"வளைவுல என்ற வண்டி சாயுதுங்க அம்மிணி. சாயாம இருக்கோணும். என்ன பண்ணலாம்?"

சென்னியப்பன் இப்படிக் கேட்டபோது தங்கநாயகி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"எத்தனை பேர் போற வண்டிங்க?" என்று வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் ஒருத்தன்தானுங்க."

"ஒருத்தர் போற வண்டி எப்படிச் சாஞ்சா என்னங்க?"

சென்னியப்பன் வெயிலில் நின்றுகொண்டு அந்தக் கால்களையே பார்த்தார்.



பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற ரோட்டில் இருக்கிறது அந்தப் பட்டறை. இன்ஜின் வேலை, பெயின்ட் வேலை எதுவும் அங்கே கிடையாது. வண்டி குலுங்காமல் தாங்குகிற சஸ்பென்ஷன் மட்டும்தான். வால்பாறை மலைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்குகிற வண்டிகளுக்கு எங்கே நோவு வரும் என்று சொல்லத் தேவையில்லை.

தங்கநாயகிக்கு வயது நாற்பத்திரண்டு. ஊரில் அவரை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள். பாடம் நடத்துகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டதற்குப் பாதிப் பதில் சொல்வார். மீதிப் பாதிக்கு ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிடுவார்.

சென்னியப்பனுக்கு அறுபத்து மூன்று. கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். களத்தில் அவர் ஒரு சொல் சொன்னால் மறு சொல் கிடையாது. அப்படிப்பட்டவர் தன்னைவிட இருபத்தொரு வயது சின்னவளிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்றால் காரியம் பெரியது என்றுதான் அர்த்தம்.



தங்கநாயகி வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அறுபத்தெட்டாம் வருட மாடல். வெளிர் நீலம். குரோமியம் எல்லாம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

பின் மட்கார்டில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். வண்டி அசையவில்லை.

"கல்லு மாதிரி நிக்கும்," என்றார் சென்னியப்பன் பெருமையாக.

"கல்லு மலையேறாதுங்ண்ணா."

குனிந்து அடியில் பார்த்தார். அந்தக் காலத்துக் கார்களுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் என்பது வளைந்த இரும்புப் பட்டைகள்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். கமான் பட்டை என்பார்கள். இந்த வண்டிக்குக் கம்பெனி போட்டது ஐந்து.

"எத்தனை பட்டை சேத்துனீங்க?"

"மூணுங்க. சாயறப்பெல்லாம் ஒண்ணு சேத்துனேன்."

"சாயறது நின்னுச்சுங்களா?"

"இல்லீங்க. அதனாலதான் அடுத்ததைச் சேத்துனேன்."

சிரிக்க வேண்டாம். ஒரு மாத்திரைக்குக் கேட்காத காய்ச்சலுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் நாம் எல்லாரும்.

"டயரு புதுசுங்க. ரப்பர் புஷ்ஷெல்லாம் மாத்தியாச்சு. ஷாக் அப்சார்பர் கோயமுத்தூர்ல இருந்து வரவெச்சேன். இன்னும் ஒரே ஒரு பட்டை போட்டாச் சரியாப் போயிருமுங்களா?"

"என்ன அவசரமுங்க?"

"முப்பதாந்தேதிக்குள்ள ஆகோணும்."

"முப்பதாந்தேதி என்னங்க?"

சென்னியப்பன் ஒரு டயரைத் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. பிறகு சொன்னார்.

"என்ற சம்சாரத்துக்கு ரிட்டயர்மென்ட்டுங்க."



சாந்தாமணி வால்பாறையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயே குவார்ட்டர்ஸ். ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னியப்பன் காரைக் கொண்டுபோய்க் கூட்டி வருவார். திங்கட்கிழமை விடிந்ததும் கொண்டுபோய் விடுவார். இருபத்தேழு வருடம் அப்படி நடந்தது.

"அப்புறம் ஒரு நாள் இனி இந்த வண்டில ஏறமாட்டேன்னு சொல்லிப்போட்டாளுங்க. ஒம்பது வருசமாச்சு. ஏறலை."

"என்ன நடந்துச்சுங்க?"

"ஒண்ணும் நடக்கலீங்க. வழக்கம்போலத்தான் கூட்டிட்டுப் போனேன். புள்ளையைக் கட்டிக் குடுத்தாச்சு. ஊடு காலியாக் கெடந்துச்சு. இனி வேலைக்குப் போய் என்னத்துக்குன்னு ராஜினாமா லெட்டரை நானே டைப் அடிச்சு எடுத்துட்டுப் போனேன். எஸ்டேட் மேனேஜர்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். அவ கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. பதினேழாவது வளைவுல அதை அவகிட்டச் சொன்னேன்."

"ம்."

"அந்த வளைவுல வண்டி ரொம்பச் சாயுமுங்க. வாயைப் பொத்திக்கிட்டா. பாவம், வாந்தி வந்திருக்கும். மேல போய் எறங்கற வரைக்கும் பேசவே இல்லை. எறங்கினதும் சொல்லிப்போட்டா."

தங்கநாயகி அவர் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி சாஞ்சதுதானுங்களே காரணம்?"

தங்கநாயகி ஜாக்கியை எடுத்து ஓரமாக வைத்தார்.

ஒன்பது வருடமும் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் மலையேறினார். ஒவ்வொரு தடவையும் வண்டியில் புதிதாக ஏதாவது மாட்டியிருப்பார். குவார்ட்டர்ஸுக்குக் கீழே நிறுத்தி ஹாரன் அடிப்பார். சாந்தாமணி இறங்கி வருவாள். "இந்தத் தடவை என்னதுங்க?" என்று கேட்பாள். அரை மணி நேரம் அவர் டயரைப் பற்றியும் ஷாக்கைப் பற்றியும் சொல்வார். அவள் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"கெளம்பு, போலாம்," என்பார் கடைசியில்.

"பஸ் இருக்குதுங்க," என்பாள்.

பஸ்ஸில் அவள் வீட்டுக்கு வந்ததும் இல்லை. நல்லது கெட்டதுக்கு வந்தாலும் உடுமலையில் அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். திரும்பி இறங்கும்போது பக்கத்து இருக்கையைப் பார்க்க முடியாமல் சென்னியப்பன் அதன்மேல் துண்டை விரித்துப் போட்டுக்கொள்வார். அவருக்கு அவள் வேண்டும். அதைச் சொல்லத் தெரியாமல்தான் டயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பதாந்தேதி அவ நேரா உடுமலைக்குப் போயிட்டா அவ்வளவுதானுங்க அம்மிணி. அப்புறம் அவளைப் பாக்கறதுக்கு எனக்கு ஒரு ரோடு இருக்காது."



"பண்ணிக் குடுக்கறனுங்க," என்றார் தங்கநாயகி. "ஆனா இங்க ஒரு வழக்கமுங்க. வண்டிக்காரரு வண்டியோட எல்லா சீட்டுலயும் ஒருக்கா உக்காந்து வரோணும். நான் ஓட்டுவேன். அதுக்கப்புறந்தான் போல்ட்டுல கை வெப்பேன்."

"நானுங்களா?"

"லாரிக்காரங்களும் அப்படித்தானுங்க. லோடு ஏத்தற எடத்துல ஏறி உக்காந்து வருவாங்க."

"நான் ஓட்டறவனுங்க. முப்பத்தாறு வருசமா இந்த ஸ்டீயரிங்கை ஒருத்தருக்கும் குடுத்ததில்லீங்க."

"தெரியுதுங்க."

"எப்படித் தெரியுது?"

தங்கநாயகி இடது பக்க முன் கதவைத் திறந்து உள் கைப்பிடியைக் காட்டினார். ரெக்ஸின் தேய்ந்து உள்ளே இருக்கிற இரும்பு பளபளவென்று தெரிந்தது. பிறகு வலது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே கைப்பிடி நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது.

"அது பழசாப் போச்சுங்க. மாத்திரலாம்," என்றார் சென்னியப்பன்.

தங்கநாயகி கதவை மெதுவாகச் சாத்தினார்.

"ஏறி உக்காருங்க."

"வேண்டாமுங்க."

"அப்ப வண்டியை எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பொம்பளை ஓட்ட, களத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வலம் போவதா? வேறொரு பட்டறைக்குப் போனார். கேட்டதைச் செய்து கொடுக்கிற பட்டறை அது. நான்காவது பட்டையும் ஏறியது.



ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆசைக்காரனுக்கு அதுகூடக் கிடையாது.

மறுநாள் காலையில் அவர் மலையேறினார். வண்டி சாயவில்லை. நிஜமாகவே சாயவில்லை. பதினாறு வளைவும் பலகை மாதிரி ஏறியது. சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைக் கூட்டி வந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. சாயங்காலம் இரண்டு தட்டு வைக்கலாம்.

பதினேழாவது வளைவில் தார் பெயர்ந்திருந்தது.

பின் சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுத்தது. குதித்தது. குதித்த சக்கரத்துக்கு ரோடு பிடிபடவில்லை. வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு வழி போய்த் தடுப்புக் கல்லில் இடித்து நின்றது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இடது பக்கப் பின் மட்கார்டு நசுங்கியதோடு சரி. சென்னியப்பன் இறங்கி அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தார். கீழே ஆழியாறு அணை ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. 

அன்றைக்கு அவர் மேலே போகவில்லை.

பட்டறை வாசலில் வந்து நின்றபோது தங்கநாயகி நசுங்கிய மட்கார்டைப் பார்த்தார். அவர் முகத்தையும் பார்த்தார். எங்கே, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மொதல்ல பின் சீட்டுங்களா, முன் சீட்டுங்களா?" என்றார்.



பின் சீட்டில் ஆழியாறு வரைக்கும் போனார்கள். சென்னியப்பன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேங்காய் மாதிரி உருண்டார். அணைக்கட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி முன் சீட்டுக்கு மாறினார்.

"எப்படி ஓட்டுவீங்க?" என்று கேட்டார் தங்கநாயகி.

"வளைவுக்குப் பிரேக் மிதிக்கறது எனக்குப் புடிக்காதுங்க. அப்படியே ஒடிச்சுத் திருப்பிருவேன். ரோடு எனக்கு மனப்பாடம்."

"சரிங்க."

அவர் ஓட்டுகிற மாதிரியே தங்கநாயகி ஓட்டினார். வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முதல் வளைவில் சென்னியப்பனின் வலது கால் தானாக முன்னால் போயிற்று. அங்கே பிரேக் இல்லை.

மூன்றாவது வளைவில் அவர் கை கதவைத் தேடியது. கைப்பிடியைப் பிடித்தார். நான்கு விரலும் தேய்ந்திருந்த இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தன.

விரல்களைப் பார்த்தார். எடுக்கப் பார்த்தார். அடுத்த வளைவு வந்துவிட்டது.

ஏழாவது வளைவில், "அம்மிணி," என்றார்.

தங்கநாயகி காதில் வாங்கவில்லை.

எட்டாவது வளைவில் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்பதாவதில் வண்டி நின்றது. அவர் கதவைத் திறந்து ஓரமாக ஓடிக் காலையில் தின்ற இட்லியைக் கக்கினார்.

தங்கநாயகி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஒரு சிங்கவால் குரங்கு மரத்திலிருந்து இரண்டு பேரையும் பார்த்தது.

"நான் ஓட்டறப்ப இப்படி இருந்ததே இல்லீங்க," என்றார் சென்னியப்பன், வாயைக் கொப்பளித்துவிட்டு.

"இருந்துச்சுங்ண்ணா," என்றார் தங்கநாயகி. "இந்தப் பக்கம் இருந்துச்சு."



மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. களத்தை ஆளிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னியப்பன் தினமும் எட்டு மணிக்கு வந்துவிடுவார். அறுபத்து மூன்று வயதில் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். களத்து ஆட்கள் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பார்கள்.

முதல் வேலையாகத் தங்கநாயகி நான்கு பட்டைகளைக் கழற்றிக் கீழே போட்டார்.

"எதுக்குங்க கழட்டறீங்க? பலம் போயிராதுங்களா?"

தங்கநாயகி மீதி ஐந்து பட்டைகளையும் இரும்புப் பிரஷ்ஷையும் அவர் முன்னால் வைத்தார்.

"துருவைத் தேய்ங்க. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டுப் போகோணும்."

இரண்டு நாள் தேய்த்தார். தோள் கழன்றது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பட்டையின்மேல் இன்னொன்றை வைத்துத் தள்ளினார். கொஞ்சம் போய் நின்றது.

"இன்னும் ஒட்டுதுங்க," என்றார் தங்கநாயகி.

"இத்தனை நாளா ஒட்டிக்கிட்டுத்தானுங்க இருந்துச்சு. வண்டி ஓடலீங்களா?"

"ஓடுச்சுங்க. தனித்தனியா இருந்தாத்தான் அது பட்டை. ஒட்டிக்கிட்டா வெறும் கட்டை."

மறுபடி தேய்த்தார்.

புது புஷ் போட்டார்கள். கோயம்புத்தூர் ஷாக்கைக் கழற்றிவிட்டு அதைவிட இளக்கமான ஒன்றை மாட்டினார்கள். சென்னியப்பனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அதைப் பற்றி ஆவணி மாதத்து அரை மணி நேரம் முழுக்கச் சாந்தாமணியிடம் பேசியிருந்தார்.

எல்லாம் கட்டி முடித்த அன்று தங்கநாயகி அவரைக் கூப்பிட்டு மட்கார்டை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். வண்டி இறங்கியது. கையை எடுத்தார். ஏறியது. அப்படியே நின்றது.

"போச்சு. வந்துச்சு. நின்னுச்சு," என்றார் தங்கநாயகி. "அவ்வளவுதானுங்க நல்ல வண்டி."

"முந்தி கையை வெச்சா அசையவே அசையாதுங்களே?"

"போகாதது எப்படிங்க திரும்பி வரும்?"

சென்னியப்பன் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. வண்டி ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறி நின்றது.



"இத்தனை இளக்கிட்டா வளைவுல சாயாதுங்களா?" என்று மறுநாள் கேட்டார். பதினைந்து நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் குரல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

தங்கநாயகி ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். கட்டைவிரல் கனம். இரண்டு முனையும் மடங்கியிருந்தது. வேறொரு வண்டியின் கம்பியை இந்த வண்டிக்கு அளவெடுத்து வளைத்திருந்தார்.

"ஸ்டெபிலைசர் ராடுங்க. உங்க வண்டிக்கு இது இல்லை."

"இது என்னங்க பண்ணும்?"

"இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவுல கெடக்கும். வளைவுல ஒரு பக்கம் அமுங்குனா அந்தச் சேதியை இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும்."

"கொண்டுபோயி?"

"அந்தப் பக்கமும் கொஞ்சம் எறங்கிக் குடுக்கும். வண்டி மட்டமா நிக்கும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. வேற வேலை இல்லை இதுக்கு."

சென்னியப்பன் கம்பியைக் கையில் வாங்கினார். நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முப்பத்தாறு வருடமாக இது இல்லாமல் ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தார். நினைத்தது வண்டியைப் பற்றித்தானா என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

அவர்தான் அதை மாட்டினார். தங்கநாயகி போல்ட்டை மட்டும் இறுக்கிக் கொடுத்தார்.



இருபத்தொன்பதாம் தேதி காலையில் வண்டியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள்.

சாவியை நீட்டியபோது சென்னியப்பன் வாங்கவில்லை. தானாகவே சுற்றிப் போய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பதினேழு வளைவு ஏறினார்கள். தார் பெயர்ந்த இடத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போயிற்று. உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டே போனது. அவர் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை.

தடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். தங்கநாயகி சாவியைக் கொடுத்தார்.

"முடிஞ்சுதுங்ண்ணா."

சென்னியப்பன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். வண்டியில் ஏறத் தோன்றவில்லை.

"அம்மிணி. இப்ப வருவாளுங்களா?"

"என்னைக் கேட்டா எப்படிங்க? அவங்களைக் கேட்டீங்களா?"

"ஒம்பது வருசமாக் கூப்பிட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

"கூப்பிட்டது தெரியுதுங்க."

தங்கநாயகி ரோட்டின் மறுபக்கம் போய், கீழே இறங்குகிற ஒரு டெம்போவைக் கை காட்டி நிறுத்தி, ஏறிக்கொண்டு போய்விட்டார்.

சென்னியப்பன் அதே கல்லில் மறுபடி உட்கார்ந்தார். அவளிடம் கேட்டதை எல்லாம் எண்ணிப் பார்த்தார். கல்யாணத்துக்குத் தேதி குறித்தபோது, வீடு கட்டியபோது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது. அவளிடம் சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. கேட்டது என்று ஒன்றுகூட அகப்படவில்லை. சமையலுக்கு என்ன காய் வாங்கட்டும் என்று அவள்தான் கேட்டிருக்கிறாள்.

மேகம் மேலே ஏறி வந்து வண்டியை மூடிவிட்டுப் போயிற்று. அவர் அழுதார். ரோட்டில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே அழுதார்.



முப்பதாம் தேதி மதியம் மூன்று மணி. குவார்ட்டர்ஸுக்குக் கீழே வண்டி வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை.

சென்னியப்பன் படியேறிப் போனார். ஒன்பது வருடத்தில் அந்தப் படியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்துதான் இருந்தது. சாந்தாமணி பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் போட்ட சால்வை நாற்காலியில் கிடந்தது. தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. கீழே காருக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இவ்வளவு நரை அவருக்குத் தெரிந்ததில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அவரைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றது.

"வண்டி வந்த சத்தமே கேக்கலீங்க," என்றாள்.

"மெதுவாத்தான் வந்தேன்."

"இந்தத் தடவை என்னதுங்க?"

பழக்கத்தில் கேட்டுவிட்டாள். பட்டை, புஷ், ஷாக், ராடு எல்லாம் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன. அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

"அது கெடக்குது," என்றார்.

சாந்தாமணி சேலையைக் கீழே வைத்தாள்.

நூறு தேங்காய் மூட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனையும் ஒரு குரலில் திருப்புகிற தொண்டை அது. இப்போது ஒரே ஒரு கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சாந்தா. நீ எங்க இருக்கோணும்னு நெனைக்கற?"

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும், "என்ன கேட்டீங்க?" என்றாள்.

அவர் இன்னொரு தடவை கேட்டார். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது.

சாந்தாமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் நகங்களில் கிரீஸ் போகாமல் இருந்தது. அதைப் பார்த்தாள். 

"தெரியலீங்க," என்றாள். "இதை ஆரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்லை."

கீழே வைத்த சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுத்தான் சொல்லோணும். நேரமாகும்."

சென்னியப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ஆகட்டும்," என்றார்.